உடைந்த மேடையும் அதற்குப் பதிலாக வந்த மேடையும்: ஒரு கேரேஜ் பளுதூக்கும் மேடையின் நிகழ்வு ஆய்வு

வீட்டுக் கேரேஜில் பளுதூக்கும் மேடை போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது ரப்பர் எத்தனை மி.மீ. தடிமனில் வேண்டும் என்பதைத்தான். என் பெரியம்மா மகனும் அதைத்தான் கேட்டார். அவருடைய பழைய மேடை உடைந்துபோயிருந்தது. "மேலே இன்னொரு லேயர் ரப்பர் போட்டால் போதாதாடா?" என்றார். "பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அண்ணா" என்றேன். பிரித்த பிறகு ரப்பரைப் பற்றிப் பேசவே தேவையில்லாமல் போயிற்று. உடைத்தது பலகைக்கு அடியில் இருந்த வெற்றிடம். அந்த மேடை ஏன் போனது, அடுத்தது எப்படி அமைந்தது, பயன்பாட்டுக்கு வந்தபின் என்ன ஆனது என்பதை அளவுகளோடு இங்கே எழுதுகிறேன்.

அண்ணன் செய்வது ஒலிம்பிக் பளுதூக்கல்: தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும் ஸ்னாட்ச், முதலில் தோளுக்குக் கொண்டுவந்து (கிளீன்) பிறகு தலைக்கு மேல் ஏற்றும் (ஜெர்க்) கிளீன் அண்ட் ஜெர்க். ஜெர்க்கில் 110 கிலோ தூக்குபவர். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்கும் டெட்லிஃப்ட் மட்டும் செய்பவருடைய பார் தொடை உயரத்திலிருந்து கையோடு கீழே வரும். அவருக்கு இரண்டு ரப்பர் மேட்டே போதும், மேடை என்று ஒன்று கட்ட வேண்டியதில்லை. தலைக்கு மேல் தூக்கிக் கைவிடுபவருக்குத்தான் இந்த வேலையெல்லாம்.

பழைய மேடையின் பிரேதப் பரிசோதனை

கேரேஜ் தரை கதவை நோக்கி வாட்டம் கொடுத்து வார்க்கப்பட்டது. தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்பதற்காகக் கேரேஜ் தளங்களில் பொதுவாக நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற அளவில் சரிவு வைப்பார்கள். இங்கே 2.44 மீட்டர் நீளத்தில் 30 மி.மீ. இறக்கம். சமமான மேடை வேண்டும் என்று, முதல் மேடையைச் செய்த தச்சர் 50 மி.மீ. அகல ரீப்பர்களை (நீள மரச்சட்டங்களை) முன்பின்னாக ஓடவிட்டு, இடது ஓரத்திலிருந்து 45 செ.மீ.க்கு ஒன்றாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் அடியில் ஆங்காங்கே மர ஆப்பு செருகி ரசமட்டம் பார்த்திருக்கிறார். மேலே 18 மி.மீ. பிளைவுட் ஒரே அடுக்கு, அதன்மேல் 10 மி.மீ. ரப்பர். பார்வைக்கு நேர்த்தியான வேலை. மட்டமும் கச்சிதம். நடப்பதற்கான மரத்தரையாக இருந்திருந்தால் ஆயுசுக்கும் நின்றிருக்கும்.

ரப்பரை உருட்டி எடுத்ததும் வலப்பக்கம் பிளைவுட் குழிந்திருந்தது தெரிந்தது. பலகையைப் புரட்டினோம். அடிப்பக்க வெனீர், அதாவது பிளைவுட்டின் மெல்லிய மரத்தாள், நார் நாராகக் கிழிந்திருந்தது, மேல்பக்கத்தில் வெறும் பள்ளம்தான். வளையும் பலகை அடிப்பக்கம் இழுபட்டுத்தான் முறியும் என்பதால் இதில் வியப்பில்லை. வியப்பு இடப்பக்கத்தில் இருந்தது. அங்கே பலகை முழுசாக இருந்தது, ஆனால் அதற்கு நேர் கீழே, ஓர் ஆப்பின் அடியில், கான்கிரீட் காசளவுக்குப் பெயர்ந்து, அதிலிருந்து மயிரிழை விரிசல் ஒன்று ஓடியிருந்தது.

ஒரே பார், இரு பக்கமும் ஒரே எடை. பின் ஏன் வலப்பக்கம் பலகையும் இடப்பக்கம் தரையும் போனது? டேப் வைத்து அளந்ததும் விடை கிடைத்தது. போட்டி பாரில் இரண்டு உள் காலர்களுக்கு (பிளேட் உள்ளே நகராமல் தடுக்கும் வளையங்களுக்கு) இடையிலான தூரம் 1310 மி.மீ. காலரின் தடிமனைச் சேர்த்தால் பிளேட் மேடை மையத்திலிருந்து சுமார் 68 செ.மீ. தொலைவில் தொடங்குகிறது. நாலைந்து பிளேட் மாட்டினால் 80 செ.மீ. வரை போகும். மேடை 244 செ.மீ. அகலம், மையம் 122. ஆக இடப்பக்க பிளேட்கள் ஓரத்திலிருந்து 42-இலிருந்து 54 செ.மீ. வரை விழுகின்றன. முதல் ரீப்பர் ஓரத்தில், இரண்டாவது ரீப்பர் சரியாக 45-இல்! வலப்பக்க பிளேட்கள் விழும் இடம் 190 முதல் 202 வரை. ரீப்பர்கள் இருப்பதோ 180-இலும் 225-இலும். வலது பிளேட் ஒவ்வொரு முறையும் அந்தரத்தில் நின்ற பலகை மேல் விழுந்தது, இடது பிளேட் ஆப்புக்கு மேல் நின்ற கட்டையை அடித்தது. ஒன்றில் பலகை வளைந்து முறிந்தது, மற்றதில் ஆப்பு உளியாக மாறித் தரையைச் செதுக்கியது.

எவ்வளவு வேகம், எவ்வளவு அடி என்று தோராயமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. அண்ணன் கையை விடும்போது பார் தரையிலிருந்து ஏறத்தாழ 2.15 மீட்டர். 450 மி.மீ. விட்டமுள்ள பம்பர் பிளேட் (கீழே போடுவதற்கென்றே செய்த ரப்பர் பிளேட்) தரையைத் தொடும்போது பார் 22.5 செ.மீ. உயரத்தில் இருக்கும். விழும் தூரம் சுமார் 1.9 மீட்டர். தரையைத் தொடும் வேகம் வினாடிக்கு 6 மீட்டருக்குச் சற்று மேல். இந்த வேகம் எத்தனை தூரத்தில் அடங்குகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சராசரி விசைக்கு எளிய வழி ஒன்று உண்டு: விழுந்த தூரத்தை, தரையைத் தொட்டபின் நிற்க எடுத்த தூரத்தால் வகுத்து எடையால் பெருக்கினால் போதும். பிளேட்டும் ரப்பரும் சேர்ந்து 3 செ.மீ. அமுங்கினால் எடையைப் போல் 63 மடங்கு. 110 கிலோவுக்கு ஏழு டன், ஒரு பக்கத்துக்கு மூன்றரை. மெல்லிய ரப்பர், விறைப்பான பிளேட் என்று 1 செ.மீ.க்குள் நின்றுவிட்டால் மொத்தம் இருபது டன்னைத் தாண்டும். கண நேரத்துக்குத்தான், ஆனால் தினமும்.

மூன்றரை டன் 50 மி.மீ. சதுர ஆப்பு ஒன்றின் வழியாகத் தரைக்குப் போனால் ஒரு சதுர மி.மீ.க்கு 14 நியூட்டன் அளவு அழுத்தம். வீட்டுக் கேரேஜ் கான்கிரீட்டின் தாங்குவலு அதே அளவீட்டில் பெரும்பாலும் 20, 25 நியூட்டன் என்ற வரிசையில் இருக்கும். அடி கொஞ்சம் கடினமாகிவிட்டால் எல்லை தாண்டும். அதே மூன்றரை டன், முழுதாகத் தரையோடு படிந்த மரமும் ரப்பருமாக 55 மி.மீ. அடுக்கின் வழியாகப் பரவி இறங்கினால் ஒரு நியூட்டனுக்கும் கீழே வந்துவிடும். எடை குறையவில்லை, அடியின் விசையும் குறையவில்லை, இருந்தும் தரை தப்பிக்கிறது. இந்த ஒரு கணக்குதான் புதிய மேடையின் எல்லா முடிவுகளையும் எடுத்தது: மேலிருந்து மண் வரை எங்கும் இடைவெளி இருக்கக் கூடாது.

ரீப்பர்களின் அடியில் பூஞ்சணமும் படிந்திருந்தது. தளத்துக்கும் மரத்துக்கும் இடையே ஈரத் தடுப்பு எதுவும் இல்லை. அது தனிக் குற்றம், உடைந்ததற்குக் காரணம் அது இல்லை.

சரிவை என்ன செய்வது

சரிவை அப்படியே விட்டுவிடலாமே என்றுதான் முதலில் யோசித்தோம். பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள், அது தப்பும் இல்லை. நிற்கும் பாதத்தின் நீளத்தில் இந்தச் சரிவு மூன்றரை மி.மீ.தான். பளுதூக்கும் ஷூவின் குதிகால் உயரத்தோடு ஒப்பிட்டால் பொருட்டே இல்லை. தொல்லை பாரில். எடை மாட்டிய பாரை ரப்பர் துண்டுகள் மேல் வைத்துச் சோதித்தோம். அசையாமல் வைத்தால் நின்றது. போட்டால், துள்ளி அடங்கும்போது கதவை நோக்கி உருளத் தொடங்கியது. ஒவ்வொரு செட்டிலும் பாரைத் துரத்திப் பிடிப்பது சலிப்பு. பாரைத் திருப்பி, சரிவு பாரின் நீளவாக்கில் வருமாறு நின்றால் உருளாது. ஆனால் இரண்டு பக்க பிளேட்களுக்கும் இடையே 16 மி.மீ. உயர வித்தியாசம் வந்துவிடும். வருடக்கணக்காக ஒரு பக்கம் சாய்ந்த பாரை இழுத்துப் பழக அண்ணன் தயாராக இல்லை. எனக்கும் அது சரியாகப் படவில்லை.

மணல் பரப்பி மட்டம் செய்து மேலே பலகை போடலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. மணல் இன்றைக்கு மட்டமாக இருக்கும். நூறு முறை அடி விழுந்தால் அடி விழாத பக்கம் நகர்ந்துபோய், சரியாக பிளேட் விழும் இடத்துக்குக் கீழே பள்ளம் உண்டாகும். மறுபடி அதே வெற்றிடம்.

மீதி இருந்தது சிமென்ட் சார்ந்த ஏதாவது ஒன்றை வார்ப்பது. பின்னாளில் பெயர்த்தெடுக்க வசதியாக பாலித்தீன் விரித்து அதன் மேல் தனியாக ஒரு படுகை போடலாம் என்பது அண்ணனின் விருப்பம். தரையோடு ஒட்டாத படுகைக்குக் குறைந்தது 50 மி.மீ. தடிமன் வேண்டும், அதற்குக் குறைந்தால் அடி தாங்காமல் துண்டு துண்டாகும். இங்கேதான் கூரை குறுக்கே வந்தது.

பின்சுவர்ப் பக்கம் தரையிலிருந்து கூரைக்கு 2.5 மீட்டர். ஜெர்க்கில் பார் 2.15, அதற்கு மேல் பிளேட்டின் அரைவிட்டம் 0.225, மேடையின் உயரம் 0.055. கூட்டினால் 2.43. மிச்சம் 7 செ.மீ. இதில் 5 செ.மீ.யைப் படுகைக்குக் கொடுத்தால் ஒரு நாள் உற்சாகமாகக் குதித்துப் பிடிக்கும்போது பிளேட் கூரையைத் தட்டும். மேடை கட்ட உட்காருபவர்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் டேப்பை முதலில் மேல்நோக்கித்தான் நீட்ட வேண்டும். விளக்கு, உத்தரம், மேலே மடிந்து போகும் கதவின் தண்டவாளம் எல்லாம் சேர்த்து. இங்கே கதவு திறந்தால் அதன் பலகைகள் கேரேஜின் முன்பாதிக் கூரைக்குக் கீழே வந்து படுக்கும். மேடையைப் பின்பாதிக்குத் தள்ளியதற்கு அது ஒரு காரணம்.

ஆகவே தரையோடு ஒட்டிப் பிடிக்கும் லெவலிங் காம்பவுண்ட், அதாவது தரையை மட்டம் செய்ய ஊற்றும் சிமென்ட் கலவை. உயரமான பின் ஓரத்தில் பூஜ்யத்தில் தொடங்கி முன் ஓரத்தில் 30 மி.மீ.யில் முடியும் ஆப்பு வடிவம். பின் ஓர மட்டத்துக்கு மற்றதெல்லாம் உயர்வதால் கூரையில் ஒரு மி.மீ. கூட இழக்கவில்லை. பெயர்த்தெடுப்பது கடினம் என்பதை அண்ணன் ஏற்றுக்கொண்டார். கார் எப்படியும் வெளியேதான் நிற்கிறது.

தளத்தில் வேலை

இடம் குறிப்பதற்கு முன் தளத்தின் வெட்டு இணைப்பைப் பார்த்தோம். கான்கிரீட் சுருங்கும்போது நாம் சொன்ன இடத்தில் விரியட்டும் என்று தளத்தில் கோடாக வெட்டி விடுவார்களே, அதுதான். ஆறு மீட்டர் நீளத்தில் அது சரியாக நடுவில் ஓடியது. அதன் மேல் காம்பவுண்ட் வார்த்தால் கீழே உள்ள கோடு மேலே விரிசலாகத் தெரியும், பக்கத்தில் அடி விழுந்தால் ஓரம் உடையும். பின்சுவரிலிருந்து 40 செ.மீ. விட்டு மேடை தொடங்கினால் 2.84 மீட்டரில் முடிகிறது. இணைப்புக்கு முன்னாலேயே நின்றுவிடும். பக்கச் சுவர்களுக்கு இடையே 3.6 மீட்டர். 2.2 மீட்டர் பார் நடுவில் இருந்தால் இரண்டு முனையிலும் 70 செ.மீ. மிச்சம். பிளேட் மாட்டும் பகுதி 41.5 செ.மீ. நீளம் என்பதால் எடை ஏற்றி இறக்க இது தாராளம்.

ஈரச் சோதனைக்குக் கருவி தேவையில்லை. பிளாஸ்டிக் ஷீட்டைச் சதுரமாக வெட்டி, நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டு எடுத்தால், அடியில் நீர் முத்துகளோ கான்கிரீட்டில் கருத்த நிறமோ இருக்கிறதா என்று பார்க்கலாம். முத்துகள் இல்லை, லேசாக நிறம் மாறியிருந்தது. தடுப்பு ஷீட் போட்டால் சமாளிக்கக்கூடிய ஈரம்தான்.

பெயர்ந்த குழியைச் சுத்தம் செய்து பழுதுக் கலவையால் நிரப்பினோம். சுத்தியலால் தட்டிப் பார்த்ததில் தளத்தில் வேறெங்கும் பொள்ளல் ஒலி இல்லை. எண்ணெய்க் கறை இருந்த இடங்களைச் சுரண்டி, தூசி போகக் கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்து, முன் ஓரத்தில் 30 மி.மீ. பட்டை நிறுத்தி வார்த்தோம். சராசரி 15 மி.மீ. என்றால் இந்தப் பரப்புக்கு 90 லிட்டர் கலவை போகும். அது சீக்கிரம் இறுகும் சரக்கு. ஒருவர் கலக்க ஒருவர் ஊற்ற ஒருவர் இழுத்துவிட என்று ஆள் இருந்தால்தான் ஒரே மூச்சில் முடிக்கலாம். மெல்லிய ஓரம் பற்றி எனக்குச் சந்தேகம் இருந்தது. பூஜ்யத்துக்குத் தேயும் இடத்தில் எந்தக் கலவையும் முழு வலுவோடு நிற்காது. ஆனால் அந்த ஓரம் பிளேட் விழும் கோட்டிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, சுவர்ப்பக்கம் இருக்கிறது. காய்ந்தபின் இரண்டு மீட்டர் நேர்ச்சட்டத்தைப் பல திசைகளில் வைத்துப் பார்த்தோம். எங்கும் 3 மி.மீ.க்கு மேல் வெளிச்சம் தெரியவில்லை.

அடுக்குகள்

பிளைவுட் 1220 × 2440 மி.மீ., 18 மி.மீ. தடிமன். வழக்கமான முறையில் கீழே இரண்டு பலகை அருகருகே, அதன் மேல் இரண்டு பலகை குறுக்காக, உச்சியில் நடுவே ஒரு பலகை, அதன் இருபுறமும் ரப்பர். நல்ல முறைதான். அதில் எனக்கு ஒத்துவராத ஒன்று உண்டு. இரண்டு பலகைகளைப் பாதிக்குப் பாதியாக வைத்தால் நடுவில் ஒரு இணைப்பு வரும். இரண்டு அடுக்குகளில் ஒன்றின் இணைப்பு இட வலமாக ஓடி, பார் நிற்கும் கோட்டுக்கு நேர் கீழே அமையும். எங்கே அதிக அடி விழுகிறதோ சரியாக அங்கே பலகை இரண்டாகப் பிரிந்திருக்கும்.

அதனால் குறுக்கு இணைப்பு வரும் அடுக்கைக் கீழே வைத்தோம். அதிலும் ஒரு பலகையை 40, 82 செ.மீ. என்று நீளவாக்கில் அறுத்து, முன்னால் 40, நடுவில் முழுப்பலகை, பின்னால் 82 என்று அடுக்கினோம். ரம்பப்பல் தின்றது போக மிச்சம் இணைப்பு இடைவெளிக்குச் சரியாக இருந்தது. பலகைகளுக்கு நடுவே 2 மி.மீ. விட வேண்டும், ஈரத்தில் உப்பினால் முட்டித் தூக்காமல் இருக்க. இப்போது பாருக்கு நேர் கீழே எந்த இணைப்பும் இல்லை. இரண்டாம் அடுக்கின் இணைப்பு மேடையின் நடுவே முன்பின்னாக ஓடுகிறது, அதை உச்சிப் பலகை மூடிவிடுகிறது. அதன் மேல் விழுவது அண்ணனின் பாதம் மட்டும்.

மரத் தேர்வில் ஒரு வார்த்தை. விலை குறைவு என்று துகள் பலகையோ எம்.டி.எஃப்-போ வாங்க வேண்டாம். ஈரம் பட்டால் உப்பும், அடிபட்டால் மாவாகும், ஸ்குரூ பிடிக்காது. நீர் தாங்கும் பசையில் ஒட்டிய பிளைவுட் போதும். அலங்கார வெனீர் எல்லாம் உச்சிப் பலகைக்கு மட்டும், அதுவும் ஆசைப்பட்டால். மேடை நடுவில் சின்னம் அச்சடித்துக் கொள்வதும் ஆசைக் கணக்குதான்.

வாங்கிய பலகைகளைக் கேரேஜிலேயே சில நாள் படுக்கப் போட்டுப் பழகவிட்டோம். தரையில் 150 மைக்ரான் பாலித்தீன் விரித்து, இணைப்புகளில் ஒன்றன் மேல் ஒன்று ஏறவிட்டு டேப் ஒட்டினோம். 18-உம் 18-உம் சேர்த்து 36 என்பதால் 30 மி.மீ. ஸ்குரூ. அதைவிட நீளமாக இருந்தால் முனை ஷீட்டைக் குத்திக் கிழித்துவிடும். ஓரங்களில் 20 செ.மீ.க்கு ஒன்று, உள்ளே 30 செ.மீ.க்கு ஒன்று, முன்கூட்டியே துளையிட்டு, தலை புதையும்படி. பிளேட் விழும் பட்டைகளில் ஸ்குரூவே இல்லை. அதிர்ச்சியில் தளர்ந்து மேலே எழும்பும் ஸ்குரூ ரப்பரை அடியிலிருந்து குடையும். பசை போடலாமா என்று அண்ணன் கேட்டார். போட்டால் விறைப்பு கூடும், முனகல் ஒலி வராது, ஆனால் ஒரு பலகை கெட்டால் எல்லாம் கெட்டது. நான் வேண்டாம் என்றேன். பிரித்துப் பார்க்க முடிகிற மேடைதான் எனக்குப் பிடிக்கும்.

ரப்பர் 19 மி.மீ. வல்கனைஸ் செய்த மேட், 1220 × 1830 அளவு. ஒன்று 45 கிலோ அளவுக்கு இருக்கும். தனியாளாகத் தூக்கினால் இடுப்பு பேசும். நுரை போன்ற ஈ.வி.ஏ. தட்டுகளை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அடி விழுந்த இடத்தில் அமுங்கி மீளாது, அதில் நின்று தூக்கினால் பாதம் தள்ளாடும். இரண்டு மேட்களை நீளவாக்கில் 610 மி.மீ. பட்டைகளாக வெட்டினால் நான்கு கிடைக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு முழுப் பட்டை, மீதி 61 செ.மீ.க்கு மூன்றாவது பட்டையிலிருந்து ஒரு சதுரத் துண்டு. வெட்ட நேர்ச்சட்டமும் கட்டர் கத்தியும் சோப்புத் தண்ணீரும் போதும். ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் கத்தி இறுகிக்கொள்ளும். பல முறை மெல்ல இழுத்து, மேட்டை வளைத்து வெட்டு வாயைத் திறந்துவைத்தால் வழுக்கிக்கொண்டு போகும்.

துண்டை எங்கே வைப்பது என்பதில் தூக்குபவரின் பழக்கம் முக்கியம். அண்ணன் ஸ்னாட்ச் தவறவிட்டால் பெரும்பாலும் பின்னால்தான் போகும். அவரைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தோம். தவறிய பார் சுவரில் மோதாமல் காலி இடத்துப் பக்கம் விழும். முழுப் பட்டை நடுவையும் அவருக்குப் பின்பக்கத்தையும் மூடுகிறது. சின்னத் துண்டு சுவர்ப்பக்கம், பார் அதிகம் எட்டாத இடத்தில். முன்னால் ஜெர்க் தவறவிடும் ஆளாக இருந்தால் இதையே தலைகீழாக வைத்திருப்பேன்.

நடுப்பலகையின் பாதி அகலம் 61 செ.மீ., உள் காலர் இருப்பது மையத்திலிருந்து 65.5-இல், பிளேட் 68-இல். ஆக பார் பக்கவாட்டில் 7 செ.மீ. விலகி விழுந்தாலும் பிளேட் ரப்பரில்தான் இறங்கும். பெண்கள் பயன்படுத்தும் 15 கிலோ பார் மொத்த நீளத்தில் குறைவு என்றாலும் உள் காலர் தூரம் அதே 1310 என்பதால் அண்ணியின் பயிற்சிக்கும் இதே அமைப்பு செல்லும். போட்டி மேடை 4 மீட்டர் சதுரம். வீட்டில் 2.44 போதுமா என்றால், ஜெர்க்கில் காலைப் பிரித்து முன்னே நடந்து சரிசெய்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு நெருக்கடிதான், மற்றவர்களுக்குப் போதும்.

சுற்றுச் சட்டத்தில்தான் நாங்கள் அதிக நேரம் பேசினோம். ஒவ்வொரு அடியிலும் ரப்பர் கொஞ்சம் வெளியே நகரும். கட்டிப்போடாவிட்டால் மரத்துக்கும் ரப்பருக்கும் நடுவே பிளவு திறந்துகொண்டே போகும். எல்லோரும் செய்வது L வடிவ இரும்பு ஆங்கிள் வைத்துச் சட்டம். வெல்டரும் அதையே சொன்னார். ஆங்கிளின் ஒரு இறக்கை பலகைக்கு அடியில் போகும். ஐந்து மி.மீ. தடிமன் இரும்பு ஓரத்தில் நுழைந்தால் மொத்த மேடையும் ஓரங்களில் மட்டும் உட்கார்ந்து நடுவில் ஐந்து மி.மீ. தூக்கிக்கொண்டு நிற்கும். தரையை மட்டம் செய்து, இடைவெளியை எல்லாம் ஒழித்துவிட்டு, சட்டத்தால் அதைத் திரும்பக் கொண்டுவருவதா? 50 × 5 மி.மீ. தட்டைப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி நான்கு மூலைகளிலும் வெல்ட் வைத்து வளையமாக்கினோம். பலகையின் ஓரத்தில் ஸ்குரூ பிடிப்பு பலவீனம் என்பதால் அதை நம்பவில்லை, வளையம் தன்னைத்தானே பிடித்துக்கொள்கிறது. மேடை 55, பட்டை 50. இரும்பு விளிம்பு மேலே தலைநீட்டுவதில்லை, காலிலும் படாது.

மொத்த எடை 220, 230 கிலோவுக்குப் பக்கம் வரும். தரையில் போல்ட் போட்டு இறுக்கத் தேவையில்லை, தன் எடையிலேயே நகராமல் கிடக்கிறது. ரப்பர் 19, பலகை 18 என்பதால் ரப்பர் ஒரு மி.மீ. உயர்ந்து நிற்பதைத் திட்டமிட்டே விட்டோம். மரம் உயர்ந்திருந்தால் கோணலாக விழும் பிளேட்டின் விளிம்பு முதலில் மரத்தின் ஓரத்தைக் கடிக்கும். உச்சிப் பலகைக்குப் பளபளப்பு இல்லாத பாலியூரித்தேன் மெல்லிசாக. பளபளப்பு வகை, தூக்குபவர் கையில் தடவும் சுண்ணப்பொடி படிந்தால் சறுக்கும்.

ஓராண்டுக்குப் பின்

முதல் நாளே தெரிந்தது ஒலியின் மாற்றம். பழைய மேடை முரசு போல அதிர்ந்து நீளும். புதியது சட்டென்று வெட்டியது போல் முடிகிறது. ஒலி நீள்வது அடியில் ஏதோ அந்தரத்தில் ஆடுகிறது என்பதற்கு நம்பகமான அடையாளம். புதிதாக மேடை போட்டவர்கள் ரப்பர் போடுவதற்கு முன் பலகை மேல் குதிகாலால் தட்டிக்கொண்டே நடந்து பார்த்தால் எந்த இடம் பொள்ளல் என்று காதே சொல்லிவிடும்.

ஓராண்டு கழித்து ஒரு பக்க ரப்பரையும் அடுக்குகளையும் கழற்றிப் பார்த்தோம். பிளைவுட்டில் பள்ளமோ வெனீர்க் கிழிசலோ இல்லை. ஷீட்டுக்கு மேல் மரம் உலர்ந்திருந்தது. லெவலிங் காம்பவுண்டின் மெல்லிய ஓரத்தில், சந்தேகப்பட்ட இடத்தில், விரல்நீள விரிசல் சில. தட்டினால் கெட்டியாக ஒட்டியிருந்தது, அதனால் தொடவில்லை. பிளேட் விழும் இடத்தில் ரப்பர் ஒரு மி.மீ.க்கும் சற்று அதிகமாக அமுங்கி மரத்தைவிடத் தாழ்ந்திருந்தது. எதிர்பார்த்தபடியே நடுப்பலகையின் வலது ஓரத்தில் இரண்டு இடம் சிராய்ந்திருந்தது. இழைப்புளியால் அந்த ஓரத்தைச் சாய்வாக ஒரு சீவு சீவினோம். நாட்பட அமுங்கும் என்பதால் ரப்பரை இன்னும் ஒரு மி.மீ. உயர்த்தி வைப்பது நல்லது என்பது இதில் கிடைத்த திருத்தம். ஸ்குரூ எதுவும் எழும்பவில்லை.

ஒன்று மட்டும் தீரவில்லை. கேரேஜுக்குள் ஓசை குறைந்தது உண்மை, ஆனால் வீட்டுக்குள் படுக்கையறையில் ஜெர்க் விழும்போது அடிவயிற்றில் தட்டுவது போன்ற மந்தமான அதிர்வு முன்பைவிடக் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. இது மேடையின் குணமே. வெற்றிடம் இல்லாமல் தரையோடு ஒன்றிய மேடை அடியை முழுசாகத் தளத்துக்குக் கொடுக்கிறது, தளம் அஸ்திவாரத்துக்குக் கொடுக்கிறது. ரப்பர் காதுக்குக் கேட்கும் கூர்மையான ஓசையை விழுங்கும். தாழ்ந்த அதிர்வை 19 மி.மீ. ரப்பரால் விழுங்க முடியாது. அதற்கு நிற்கும் தூரம் பல மடங்கு கூட வேண்டும். ஆக, பிளேட் விழும் இடத்தில் வைத்தெடுக்கிற தடித்த நுரை மெத்தைகள் ஒரு ஜோடி வாங்கினோம். அதில் பார் 10 செ.மீ. அமுங்கி நின்றால் பழைய கணக்கின்படி எடையைப் போல் 19 மடங்குதான், 63 இல்லை. அறைக்குள் அதிர்வு தெளிவாகக் குறைந்தது. ஆனால் பார் தரையிலிருந்து தொடங்கும் தூக்குதலுக்கு மெத்தை ஒத்துவராது, ஒவ்வொரு முறையும் கிளீன் முடிந்தபின் யாராவது ஒருவர் மெத்தையை பிளேட் விழும் இடத்துக்குத் தள்ள வேண்டும். தனியாகப் பயிற்சி செய்யும்போது ரேக்கிலிருந்து எடுக்கும் ஜெர்க்குக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறார். இரவு ஒன்பது மணிக்கு மேல் மெத்தை இல்லாத ஜெர்க் கிடையாது என்பது அண்ணியின் உத்தரவு, அது இன்றுவரை அமலில் இருக்கிறது.